அண்ணாச்சியின் வேனில் நான் முடிந்த காசு

அம்மன் நான் கேட்டதைக் கொடுத்தாள். கேட்டது கேட்டபடியே கொடுத்தாள். அதனால்தான் மூன்று வருஷமாக இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

திலக் நகரில் வெள்ளிக்கிழமைதோறும் நாம் கூடி, பூஜை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது, ஒவ்வொருவராக அம்மன் தங்களுக்குச் செய்ததைச் சொல்கிறீர்கள். கோபித்துக்கொண்டு போன தம்பி திரும்பி வந்ததைச் சொல்கிறீர்கள். டாக்டர் கைவிட்ட குழந்தை பிழைத்ததைச் சொல்கிறீர்கள். என் முறை வந்தால் மட்டும், "எனக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அது பொய். எனக்கும் இருக்கிறது. நேரில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவேன் என்று எழுதித் தருகிறேன். யாராவது உரக்கப் படியுங்கள். நான் அன்றைக்கும் குழாயடியில்தான் இருப்பேன்.

அறுபத்தி ஆறாம் வருஷம். சயான் பக்கம் ஒரு காலேஜில் பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்ததுமுதல் தாராவியில் சித்தப்பா கோலியில்தான் இருப்பு. கோலி என்றால் ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. சித்தப்பா தோல் ஷாப்பில் ராத்திரி ஷிஃப்ட் போகிற நாளில்தான் எனக்குக் காலை நீட்ட இடம் கிடைக்கும். அந்த வருஷம் சித்தியின் தம்பி கல்யாணம் முடிந்து பெண்டாட்டியோடு வந்து சேர்ந்தான். சித்தி என்னைப் போ என்று சொல்லவில்லை. சொல்லாமல் எத்தனை நாள் தாங்குவாள்? நானாகவே என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பம்பாயில் பகடி என்று ஒரு பெருந்தொகையை முன்னால் கொடுக்காமல் ஒரு மூலைகூடக் கிடைக்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலேஜை விட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போது கைகொடுத்தவர் தங்கவேல் அண்ணாச்சி. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவரும் அவர் வீட்டுக்காரி செல்லம்மா மைனியும் தாராவியில் முறுக்குப் போட்டு மாட்டுங்கா, செம்பூர்க் கடைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை மைனி என்போம். கூடப் பிறந்த அண்ணனாக இருக்க வேண்டும் என்பதில்லை. சரக்கைக் கொண்டுபோக அண்ணாச்சியிடம் ஒரு வேன் இருந்தது. மிலிட்டரிக்காரர்கள் கழித்துக் கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தாலும் உரசிய இடமெல்லாம் பழைய பச்சை தெரியும்.

"வண்டி சாயங்காலத்துக்கு மேல சும்மாதான நிக்கி. பின்னால படுத்துக்க. எலி வராம பாத்துக்கிட்டாப் போதும்" என்றார் அண்ணாச்சி.

அப்படித்தான் நான் வேனுக்குக் குடிபோனேன். சிரிக்காதீர்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பலகையில் படுத்தால் கால் கதவில் இடிக்கும். மழைக்காலத்தில் கூரை எங்கே ஒழுகும் என்று பார்த்துப் பார்த்துத் தலைமாட்டை மாற்ற வேண்டும். எறும்பு வராமல் இருக்கப் புஸ்தகங்களைக் காலி முறுக்குத் தகரத்தில் போட்டு மூடி வைப்பேன். விடிந்ததும் என் வீடு வியாபாரத்துக்குக் கிளம்பிப் போய்விடும். தகரங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு நானும் அதிலேயே ஏறி, காலேஜ் வாசலுக்குச் சற்று முன்னாலேயே இறங்கிக்கொள்வேன். முறுக்கு வேனிலிருந்து இறங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற கௌரவம். ஆனால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும். நான் வகுப்பில் போய் உட்கார்ந்ததும் பெஞ்சில் ஒருவன் மூக்கை உறிஞ்சி, "எவனோ டிபன் கொண்டாந்திருக்கான்" என்பான். நானும் அவர்களோடு சேர்ந்து தேடுகிற மாதிரி நடிப்பேன்.

சாப்பாடு மைனி கையால். இதை நான் கேட்கவே இல்லை. முதல் நாள் சாயங்காலமே வேன் கதவைத் தட்டி ஒரு தட்டை நீட்டினாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஒரு பெரிய விஷயமாகக்கூட நினைக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

பரீட்சை நெருங்கிய சமயத்தில் அண்ணாச்சிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. தாராவியிலிருந்து வெகுதூரம் தள்ளி, முலுண்டில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தினசரி முறுக்கு ஆர்டர் கிடைத்தது. அங்கேயே சமையலறை தனியாக உள்ள ஒரு வீடும் வாடகைக்கு அமைந்தது. மைனி முகத்தைப் பார்க்க வேண்டுமே. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே வருகிறதாம் என்று தெருவெல்லாம் சொன்னாள். அடுத்த மாதம் பிறந்ததும் குடிபோவது என்று முடிவாயிற்று. வேனும் அங்கேதான் நிற்கும். என்னையும் வா என்று யாரும் சொல்லவில்லை.

நான் தேதியை எண்ணிப் பார்த்தேன். அவர்கள் போகிற தேதிக்கு அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை ஆரம்பம். எங்கே படுப்பேன், எங்கே படிப்பேன்? அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "அண்ணாச்சி, பரீட்சை முடிகிறவரைக்கும் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஏற்கெனவே அவர்கள் தயவில் கிடக்கிறோம், இன்னும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று ஒரு வீம்பு. மனிதரிடம் கேட்க வெட்கப்பட்டவன், அம்மனிடம் கேட்க வெட்கப்படவில்லை.

தாராவியில் எங்கள் சந்து முனையில் தகரக் கூரை போட்ட முப்பிடாதி அம்மன் கோயில் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துச் சாமி. எங்கள் ஜனங்கள் பம்பாய்க்கு வரும்போது பிடிமண்ணோடு கொண்டுவந்து வைத்தது. அவளிடம் போய் நின்றேன். நான் நின்றதில் தப்பில்லை. கேட்டதுதான் தப்பு. எனக்கு ஓர் இடம் கொடு என்று கேட்கவில்லை. "பரீட்சை முடிகிறவரைக்கும் இந்த வேன் தாராவியை விட்டு நகரக் கூடாது. நகராமல் நீ நிறுத்தினால் உனக்கு மொட்டை போடுகிறேன்" என்று கேட்டேன்.

கேட்டதோடு விட்டேனா? எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ச்சை நேர்ந்தால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவோம். காரியம் முடிகிறவரைக்கும் அதை அவிழ்க்கக் கூடாது. எனக்குச் சுவர் ஏது? வேனில் கட்டினேன். ஸ்டீயரிங்குக்கு அடியில், கீழே போகிற தண்டில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துக் கட்டினேன். அடுத்தவர் பொருளில் நம் நேர்ச்சையைக் கட்டக் கூடாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.

அவர்கள் கிளம்புகிற நாள் வந்தது. காலையிலேயே சாமான்களை ஏற்றியாயிற்று. ஆட்டுக்கல், எண்ணெய்ச் சட்டிகள், மைனியின் துணி மூட்டை எல்லாம். என் பெட்டியையும் புஸ்தகத் தகரத்தையும் நான் கீழே இறக்கி வைத்தேன்.

"ஏல, அத எதுக்கு எறக்குத?" என்றார் அண்ணாச்சி.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, தகரத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை வாசலில் படுத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லவும் வீம்பு.

அந்த வண்டியின் பேட்டரி எப்போதும் நோஞ்சான். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் இஞ்சின் பிடிக்கும். அண்ணாச்சி தினமும் செய்கிற வேலை அது. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கிப் பிடிக்கக் கூடாது, இஞ்சின் திருப்பி அடித்தால் கை போய்விடும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவர். அன்றைக்கு அவசரமோ சந்தோஷமோ தெரியவில்லை. சுற்றினார். இஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடியும் சுற்றினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, ஸ்டார்ட் ஆகாதே, ஸ்டார்ட் ஆகாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் ஹேண்டில் பின்பக்கமாக விசிறி அடித்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று மைனியைப் பார்த்துச் சொன்னார். முகம் சாம்பல் பூத்துவிட்டது.

அந்த நொடியில் என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ என்று வரவில்லை. இனி வேன் போகாது என்றுதான் வந்தது. மனசு குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஓடினேன், பிடித்தேன், டாக்சி கூப்பிட்டேன், அழுதேன் எல்லாம். ஆனால் முதலில் வந்தது அதுதான். இதை எழுதும்போதே கை கூசுகிறது. நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். சாமான்களை வேனிலிருந்து இறக்கிப் பழைய கோலியிலேயே மறுபடியும் வைத்தோம். அன்றைக்கு என் பலகையில் போய்ப் படுத்தேன். ஆசைப்பட்ட இடம். கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் மைனி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு மொத சரக்கு போயாகணும். போகலன்னா கேன்டீன்காரன் வேற ஆளப் பாத்துக்கிடுவான். அவியள ஆஸ்பத்திரில போட்டுட்டு நான் எங்கன்னு ஓட?" என்றாள்.

நான் தகரங்களைத் தூக்கினேன். சயானில் ரயில் ஏறி, காய்கறிக் கூடைக்காரர்களும் மீன்காரிகளும் போகிற லக்கேஜ் டப்பாவில் நின்று, முலுண்டில் இறங்கிக் கேன்டீனில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். காலேஜ் வாசலில் முறுக்கு வேனிலிருந்து இறங்கக் கூசினவன், தகரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு அதே வாசலைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். வகுப்புப் பையன்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். இது புண்ணியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சும்மா இருந்தால் மூச்சு முட்டியது, அதனால் தூக்கினேன்.

கட்டுப் போட்டும் அண்ணாச்சிக்கு வலி அடங்கவில்லை. விரல்கள் வீங்கின. பிறகு நிறம் மாறின. டாக்டர் அவசரமாகக் கட்டைப் பிரித்துப் பார்த்து, உள்ளே ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது என்று சொல்லி ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார். வெளியே வந்து எங்களிடம் இந்தியில் சொன்னதை நான்தான் மைனிக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. விரல்களில் உணர்ச்சி இல்லை. பொறுத்துப் பார்க்க வேண்டும். திரும்பி வராவிட்டால் கையை எடுக்க வேண்டி வரும். "கையை எடுக்க" என்று மைனி முகத்தைப் பார்த்து என் வாயாலேயே சொன்னேன்.

அங்கிருந்து நேரே வேனுக்கு ஓடி வந்தேன். அந்தக் காசை அறுத்து எறிந்துவிட வேண்டும் என்று வெறி. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகப் பாத்திரம் தேடி மைனி வேனுக்கு வந்துவிட்டாள்.

"என்னல அது, மஞ்சத்துணி?"

நான் நிமிரவில்லை.

"எங்க வண்டியில நீ எதுக்குல காசு முடிஞ்ச?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹேண்டில் அடித்தபோது மனசு குளிர்ந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவள் எதிரில் நிற்கும்போது வாய் நிற்கவில்லை. மைனி வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாங்க போவக் கூடாதுன்னு கேட்டியோ?"

"பரீட்சை முடியிறவரைக்கும்னுதான் கேட்டேன் மைனி."

"அதுக்காவ அவ எம் புருசன் கைய ஒடிச்சிட்டாளாக்கும்?" என்றாள். குரல் உயரவில்லை. "அப்படியாப்பட்டவளையா நான் பொறந்ததுலேருந்து கும்பிடுதேன்? அவ செய்ய மாட்டா. அவ மேல பழியப் போடாத. ஹேண்டில் அடிச்சது, கை ஒடிஞ்சது, அவ்வளவுதான். ஆனா நீ கேட்டியல்லா... எங் கையால சாப்பிட்டுக்கிட்டே கேட்டியல்லா. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அவுக்காத. முடிஞ்சது முடிஞ்சதுதான். காரியம் முடியாம அவுத்தா அது வேற பொல்லாப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். போகும்போது, "ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருந்தன்னா..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் தட்டு வந்தது. கதவைத் தட்டமாட்டாள், படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்பர்களே, பட்டினி போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் முலுண்டிலிருந்து திரும்பிக் கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில் நேரம். நடை சாத்தியிருந்தது. தகரக் கதவுக்கு முன்னால் நின்றேன். இந்தத் தடவை காசு முடியவில்லை. மொட்டை நேரவில்லை. பொங்கல் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. அதைக் கொடுத்தால் இதைத் தருகிறேன் என்று பேரம் பேசித்தானே இந்த நிலைக்கு வந்தோம் என்று இருந்தது. "தாயே, அண்ணாச்சி கை" என்று மட்டும் சொன்னேன். நான் பாஸ் பண்ண வேண்டும் என்று கேட்கவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. வெயிலில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகக் கும்பிட்டது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் கும்பிட்டதெல்லாம் விண்ணப்பம் போட்டதுதான்.

பதில் உடனே வரவில்லை. பரீட்சை ஆரம்பித்தது. லக்கேஜ் டப்பாவில் தகரத்தின் மேல் உட்கார்ந்து படித்துவிட்டு, முலுண்டில் சரக்கை இறக்கி, திரும்பி வந்து பரீட்சை எழுதுவேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி. அண்ணாச்சி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். டாக்டர் வந்து ஒவ்வொரு விரலாக ஊசியால் குத்திப் பார்ப்பார். அண்ணாச்சிக்குத் தெரியவே தெரியாது. மரக்கட்டையைக் குத்துகிற மாதிரி இருக்கும். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மைனி கட்டிலின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போல டாக்டர் குத்திக்கொண்டே வந்தார். கட்டைவிரல், ஒன்றுமில்லை. அடுத்தது, ஒன்றுமில்லை. சுண்டுவிரலுக்கு வந்தார்.

"எந்தப் பயல்ல அது குத்துதது?" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமலே.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டுகிறார் என்று தெரிந்திருக்கிறது. சிரித்துவிட்டார். மறுபடியும் குத்தினார். அண்ணாச்சி மறுபடியும் திட்டினார். இந்தத் தடவை நல்ல தாராவி இந்தியில். நர்சம்மாவும் சிரித்தாள். மைனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா, அம்மா என்று சொல்லத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விரலாக உயிர் வந்தது. கை அவருக்கே திரும்பக் கிடைத்தது. ஆனால் மணிக்கட்டு பழையபடி நேராகவில்லை. வெளிப்பக்கமாகச் சற்றுத் திரும்பியே நின்றுவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பரீட்சை முடிகிறவரைக்கும் வேன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் கேட்டது ஓர் அட்சரம் பிசகாமல் நடந்தது. நேர்ந்ததைச் செய்தாக வேண்டும். முதல் தடவையாக மைனி வாயைத் திறந்து, "வா, போவோம்" என்றாள். மொட்டை போட்டுக்கொண்டேன். காசை அவிழ்த்து உண்டியலில் போட்டேன். நன்றி சொல்ல நின்றவனுக்கு நன்றி வரவில்லை. தப்புத் தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மைனி பக்கத்தில் நின்று அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாள் என்று தெரியாது. அண்ணாச்சியிடம் அவளே சொல்லியிருந்தாள் போல. என் மொட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங் வண்டிய வச்சே சாமிகிட்ட யாவாரம் பேசியிருக்கியேல" என்றார். கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடியும் சாமான்களை ஏற்றினோம். இந்தத் தடவை ஹேண்டிலை நான் சுற்றினேன். சாமான் இறக்க உதவிவிட்டு, மறுநாள் ஊருக்கு ரயில் ஏறுவதாக எனக்கு யோசனை. பின்னால் தகரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். சயான் நாக்கா சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அண்ணாச்சி சன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டினார். முன்பக்கம் பார்க்க வேண்டிய உள்ளங்கை சாய்ந்து வானத்தைப் பார்த்தது. பின்னால் வந்த டாக்சிக்காரனுக்கு அது புரியவில்லை, ஹாரன் அடித்தான். அண்ணாச்சி கையை எடுக்கவில்லை. திரும்பி முடிகிறவரைக்கும் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

முலுண்டில் வீடு சின்னதுதான், ஆனால் வெளிச்சமான வீடு. அடைத்தே கிடந்ததால் எங்கும் தூசி. நான் ஆட்டுக்கல்லை இறக்கி வைத்துவிட்டு, கைகழுவி, "அப்ப நான் கெளம்புதேன் மைனி" என்றேன்.

"எங்க கெளம்புத?" என்று கேட்டாள். பிறகு சன்னலுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள். சுவரில் ஒரு பலகை அடித்திருந்தது. ஓர் ஆள் கீழே பாய் விரித்தால் தலைமாட்டுக்கு மேலே வருகிற மாதிரி.

"வீடு பாத்த அன்னைக்கே அடிக்கச் சொன்னது. ஒனக்குப் புஸ்தகம் வைக்க. இங்கன இருந்து காலேஜுக்கு ரயில்ல போயிரலாம்னு அவியதான் சொன்னாவ. ஒங்கிட்ட வேற தனியாச் சொல்லணுமால, எங்ககூடத்தான வருவன்னு இருந்தோம்."

பலகையில் விரலை வைத்தேன். தூசி கனமாக இருந்தது. நான் காசு முடிவதற்கு முன்னாலேயே அடித்த பலகை. நான் அம்மன் முன்னால் நின்று இந்த வேன் நகரக் கூடாது என்று கேட்டபோது, அவள் எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஆணி அடித்து, முலுண்டில் தயாராக வைத்துவிட்டிருந்தாள். அங்கே போகவிடாமல் குறுக்கே விழுந்தது நான்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மைனி தேற்றவில்லை. தூசி தட்ட ஒரு துணியைக் கொடுத்தாள்.

ஊருக்குப் போகவில்லை. பரீட்சையில் தேறி, வேலை கிடைத்துத் திலக் நகருக்கு வருகிறவரைக்கும் அந்தப் பலகைக்குக் கீழேதான் படுத்தேன். இப்போது என் அறையில் காலேஜுக்குப் போகிற ஒரு பையன் என்னோடு இருக்கிறான். சேர்த்துக்கொண்ட அன்றைக்கே, "எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மைனி மன்னித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அண்ணாச்சி டம்ளரைப் பிடிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒன்று குத்துகிறது. அது குத்தட்டும். உணர்ச்சி இருந்தால்தானே குத்துவது தெரியும். அம்மன் அந்தக் கையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். அதற்கு நான் நாள்தோறும் நன்றி சொல்கிறேன். என் நேர்ச்சைக்காகக் கையை ஒடித்தாள் என்று மட்டும் இனி நினைக்க மாட்டேன். மைனி அந்தச் சாக்கை எனக்கு விட்டுவைக்கவில்லை.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். கஷ்டம் வந்தால் வேறு யாரிடம் கேட்பது? நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். ஆனால் இதை நிறுத்து, அதைத் தடு, அவன் போகக் கூடாது என்று கேட்காதீர்கள். முதலில் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். அவள் உங்களுக்கென்று கொடுத்ததை அவர்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கலாம்.